கணவரின் கையும் என் தலையும்

இன்று காலை டீ டம்ளரை எடுக்கப் போன என் கணவரின் வலது கை, மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. விரல்களையும் நிமிர்த்த முடியவில்லை.

கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது. செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற கை அது.

"ஐயோ, எம்புள்ளைக்கு வாதம் வந்துடுச்சே!" என்று மாமியார் அழ ஆரம்பித்தார். ஆட்டோ பிடித்து மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் அவரைச் சிரிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது.

"ராத்திரி இந்தக் கை மேல ஏதாவது வெயிட்டு இருந்துச்சாங்க?"

கணவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"டாக்டரு கேக்குறாரு இல்ல, சொல்லேன்டா!" என்று மாமியார் அதட்டினார்.

"இவ தலைதாங்க சார். அசந்து தூங்குனா, எழுப்ப மனசு வரல. அப்படியே நானும் தூங்கிட்டேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். மேல்கை எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறதாம். மணிக்கட்டையும் விரல்களையும் தூக்கவைப்பது அதுதானாம். இரவெல்லாம் அது அழுந்தியிருக்கிறது.

"பக்கவாதம் இல்லம்மா, பயப்படாதீங்க. கைக்குப் பட்டை போட்டுப் பயிற்சி செஞ்சா சில வாரத்துல சரியாயிடும்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் கடைவீதியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"எங்க மருமவளுக்கு நல்ல தலகாணியா ஒண்ணு குடுங்க."

எனக்குத் தலைக்கனம் என்று சொல்லித் திரிந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் இப்போது வரிசையாக வரலாம். டாக்டரே உறுதி செய்துவிட்டார்.