அப்பாவின் இரண்டாவது குடும்பம்

எனக்குப் பத்து வயதாக இருந்த பனிக்காலத்தில், சுவிஸின் எங்கடின் மலைப்பக்கத்தில் அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததில் கவலையைவிடப் பெருமைதான் கொஞ்சம் கூட இருந்தது.

அப்பா அங்கே ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் வேலை செய்தார். மார்கழியில் போனால் ஈஸ்டர் கழிந்துதான் வருவார். பிறகு கோடைச் சீசனுக்கு மறுபடியும் போவார். நடுவில் இரண்டு நாள் லீவு கிடைத்தால் ரயிலேறி, சூரிச்சுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஊஸ்டருக்கு வந்து, முதல் நாள் முழுவதும் நித்திரை கொள்வார். மற்றக் காலமெல்லாம் ஊஸ்டர் வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா விடியற்காலையிலும் பின்னேரத்திலும் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார்.

எங்களைப் பற்றிக் கதைக்கச் சொந்தக்காரர்களுக்கு ஒரு பெரிய விஷயம் இருந்தது. நாங்கள் மோர்மன்கள், அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பமொன்று இதற்குள் எப்படி விழுந்தது என்று அவர்களுக்கு விளங்கவேயில்லை. எனக்கு அது மிகவும் சாதாரணமாகத் தெரிந்தது. நான் முதலாம் வகுப்பில் இருந்தபோது அம்மா பஸ் தரிப்பிடத்தில் பனிக்கட்டியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். அப்பா மலையில். கீழ்வீட்டுச் சுவிஸ்காரப் பெண் வந்து என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார். அவருடைய சபைக்காரர் முறை வைத்து வந்து உடுப்புத் தோய்த்தார்கள், மக்கரோனியும் ஆப்பிள் கூழும் கொண்டுவந்தார்கள். ஆறு கிழமை தின்ற பிறகு, இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியின் முடிவில் ஒரு வருடம் கழித்து அம்மா வெள்ளை உடுப்போடு ஞானஸ்நானத் தண்ணீருக்குள் முழுகி எழுந்தார். "உமக்கு நிம்மதியெண்டால் எனக்கும் சரி" என்று சொல்லி அப்பாவும் முழுகினார்.

அதோடு எங்கள் வீட்டில் தேநீரும் கோப்பியும் நின்றுபோயின. சபையில் அவை விலக்கப்பட்டவை. வந்தவர்களுக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்காத வீடு என்று பெயரெடுத்தோம். சமயம் மாறியதையாவது மன்னித்திருப்பார்கள், இதை யாரும் மன்னிக்கவில்லை.

அதிலும் மாமி. அப்பாவின் தமக்கை. சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸ வீதிக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மாதத்துக்கு ஒருமுறை அரிசியும் மிளகாய்த் தூளும் வாங்க நாங்கள் அங்கே போவோம். அந்தத் தை மாதம், அம்மா உள்ளே கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து மாமி என் கையில் ஒரு எள்ளுருண்டையைத் திணித்தார்.

"பிள்ளை, உங்கட சமயத்தில ஆம்பிளையள் ரெண்டு மூண்டு கட்டலாமாம், மெய்யோ?"

"தெரியாது மாமி."

"தம்பி அங்க மலையில தனிய நிக்கிறான். கொம்மா உதுகளை யோசிக்கிறேல்லையோ?"

மாமியின் தலைக்கு நேரே மேலே, கடைக் கலண்டரில், வள்ளியையும் தெய்வானையையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. எள்ளுருண்டையைச் சப்பியபடி மாமி சொன்னதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் சபையில் திங்கட்கிழமை மாலை குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. ஒன்றாக இருந்து செபித்து, ஏதாவது வாசித்து, விளையாடவேண்டும். எங்கள் வீட்டு மாலை மத்தியானம் மூன்றரைக்குத் தொடங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் இடையில் சமையற்காரருக்குக் கிடைக்கிற ஓய்வை ஹோட்டலில் சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். அப்பாவைப் பிடிக்க அந்த நேரம்தான் உண்டு. அம்மா கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைப்பார். அதற்குள் அப்பாவின் முகம் தெரியும். அந்த முகத்தோடுதான் எங்கள் குடும்ப மாலை.

அந்தத் திங்கட்கிழமை நான் அம்மாவிடம் நேராகவே கேட்டேன். அப்பா இன்னும் தொலைபேசியில் வரவில்லை.

"அம்மா, எங்கட சமயத்தில ரெண்டு பெண்சாதி வைச்சிருக்கலாமோ?"

அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார். "மாமியோ சொன்னவ? அது அந்தக் காலம். இப்ப ஆரும் அப்பிடிச் செய்தால் சபையில வைச்சிருக்கமாட்டினம்." பிறகு சீனிப் போத்தலை அங்கும் இங்கும் நகர்த்தினார். "ஏன் கேட்டனி? அப்பா உனக்கு ஏதும் சொன்னவரோ?"

"இல்லை."

அன்றைக்குச் செபம் சொல்வது அப்பாவின் முறை. எல்லோரும் கண்ணை மூடினோம். நான் ஒரு கண்ணைத்தான் மூடினேன். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு எங்கள் மூவரையும் காக்கும்படி வேண்டிக்கொண்டிருந்தபோது, படத்தின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவருடைய காதைப் பிடித்து இழுத்தது. கொழுத்த, மடிப்பு விழுந்த குழந்தைக் கை. அப்பா கண் திறக்காமலே அதை மெதுவாக விலக்கிவிட்டு, குரல் மாறாமல் செபத்தை முடித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. ஆனால் அவருடைய ஆமென் கொஞ்சம் பிந்தி வந்தது.

"நெட்வேர்க் சரியில்லை, வைக்கிறன்" என்றார் அப்பா. படம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே துலங்கத் தொடங்கியது. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு லீவில் வந்த அப்பாவின் சேர்ட்டுகளைப் பாருங்கள். அவர் வாழ்நாளில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதில்லை. ஆனால் பயணப் பெட்டிக்குள் இருந்த சேர்ட்டுகள் கத்திமடிப்போடு இருந்தன. அம்மா ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து மணந்துபார்த்து, திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்ததை நான் கண்டேன்.

கோவில் விஷயமும் இருந்தது. எங்கள் சமயத்தில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் கோவிலுக்குப் போய் ஒரு சடங்கு செய்துகொண்டால், சாவுக்குப் பிறகும் அந்தக் குடும்பம் பிரியாது. பேர்ன் பக்கத்தில் அப்படி ஒரு கோவில் இருக்கிறது. 'கோவிலுக்குப் போகப்போறம்' என்று அம்மா ஒருமுறை தொலைபேசியில் சொன்னபோது, புத்தி திரும்பிவிட்டது என்று மாமி சந்தோசப்பட்டுப் போனார். ஆனால் போவதற்கு முன் பெரியவர்கள் ஒவ்வொருவரும் சபைத் தலைவருக்கு முன்னால் இருந்து, கேட்கிற கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லவேண்டும். அம்மா எப்போதோ சொல்லிவிட்டார். அப்பாதான் பின்போட்டுக்கொண்டிருந்தார். சீசன் முடியட்டும் என்பார். சீசன் முடிந்தால், லீவு முடிய என்பார். என்றென்றைக்கும் எங்களோடு இருக்க ஒரு மனிதருக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? வேறு யாருடனோ இருக்க யோசிக்கிறார் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அந்தக் கிழமை அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் நோன்பிருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறுதான் எங்களுக்கு நோன்பு. இது ஏன் என்று கேட்டேன். "பசியில்லை" என்றார்.

பெப்ரவரியில் பள்ளிக்கூடத்துக்குப் பனிக்கால விடுமுறை விட்டார்கள். முதல் சனிக்கிழமையே அம்மா என்னை எழுப்பி, வெளிக்கிடச் சொன்னார்.

"எங்க அம்மா?"

"அப்பாட்டை."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"போய்ச் சொல்லுவம்."

அம்மா பச்சைப் பட்டுச் சேலை உடுத்து, மேலே தடித்த கோட்டும் காலில் பனிச் சப்பாத்தும் போட்டிருந்தார். வெளியே குளிர் மைனஸில் இருந்தது. ரயிலில் எல்லோரும் பனிச்சறுக்கு உடுப்பில் இருக்க, இவர் கல்யாணவீட்டுக்குப் போகிறவர் போல இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சேலை எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றார்.

கூர் ஸ்டேஷனில் சிவப்பு மலை ரயிலுக்கு மாறினோம். அது பள்ளத்தாக்குகளையும் பாலங்களையும் சுற்றிச் சுற்றி ஏறியது. நான் அப்பாவைப் பிடிக்கப்போகும் பொலிஸ்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மா முழங்காலில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு, புட்டும் மீன்குழம்பும் மணக்க மணக்க, ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

ஹோட்டலுக்குப் பின்னால் வேலைக்காரருக்கு ஒரு மரக்கட்டிடம் இருந்தது. வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் இரண்டாம் மாடியைக் காட்டினார். அப்பாவின் அறைக் கதவுக்கு வெளியே நின்றபோதே உள்ளே குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா தட்டுவதற்குத் தூக்கிய கையை ஒரு முறை கீழே விட்டார். பிறகு தட்டினார்.

அப்பா திறந்தார். இடது கையில் சுருட்டை முடியோடு ஒரு பெண்குழந்தை. வலது கையில் ஆவி பறக்கும் ஒரு கோப்பை. எங்களைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. சட்டென்று ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கோப்பை இருந்த கையை. குழந்தையை அல்ல.

"நீங்களோ? என்ன, சொல்லாமல்..."

"உள்ள வரலாமோ?" என்றார் அம்மா.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, தரையில் சமையலறைக் கரண்டிகள் மூன்று. குழந்தை இறங்கிப்போய் அவற்றைத் தட்டத் தொடங்கியது. யாரும் எதையும் சொல்வதற்குள் கதவு திறந்து ஒரு பெண் வந்தார். நீல ஏப்ரன், களைத்த முகம், கையில் கொழுவியில் தொங்கும் அப்பாவின் இரண்டு சேர்ட்டுகள். கத்திமடிப்பு. குழந்தை ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டது.

எனக்கு இனி ஒன்றும் கண்டுபிடிக்க மிச்சமில்லை. நான் எழுந்து நின்றேன்.

"அப்பா, இவவோ உங்கட ரெண்டாவது பெண்சாதி?"

அப்பா பெரிதாகச் சிரித்தார். தமிழ் விளங்காத அந்தப் பெண்ணும், அவர் சிரிப்பதைக் கண்டு சிரித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ" என்றார்.

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"இஞ்சேரும், என்ன கதை இது? இவ அறை துப்புரவாக்கிற போர்த்துக்கல்காரி. புருசன் அங்கால சுரங்க வேலையில. எனக்கு ஓய்வு நேரம் எண்டால் இவவுக்கு அந்த நேரம்தான் வேலை. பிள்ளையை விட ஆளில்லை. நான் பாக்கிறன், அவ என்ர உடுப்பைத் தோய்ச்சு மினுக்கித் தாறா. இஞ்ச பிள்ளையளை வைச்சிருக்கக்கூடாது, பொறுப்பாளருக்குத் தெரிஞ்சால் ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. அதுதான் ஒருதருக்கும் சொல்லேல்லை."

"எனக்குமோ?"

"உமக்குச் சொன்னால் நீர் சபையில எழும்பி நிண்டு அவவுக்காகச் செபம் கேப்பீர்."

அது உண்மைதான். அம்மா கேட்டிருப்பார்.

போர்த்துக்கல் பெண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்திருந்தது. நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், அப்பாவைக் காட்டி, "குட்டர் மான், ஸேர் குட்டர் மான்" என்றார். நல்ல ஆம்பிளை, மிகவும் நல்ல ஆம்பிளை. அம்மாவின் முகம் இன்னும் இறுகியது. அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஏப்ரன் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, ஒரு படத்தைத் தேடி, அம்மாவின் கையில் கொடுத்தார். மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு மீசைக்காரரின் தோளில் இதே சுருட்டை முடிக் குழந்தை. அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்து, அந்தப் பெண்ணின் கையை ஒருமுறை அழுத்தினார்.

அவர்கள் போன பிறகு அம்மா கேட்டார். "கோவிலுக்கு ஏன் வாறியள் இல்லை?"

அப்பா இன்னும் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்த கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். பால் விடாத பிளேன்டீ. நல்ல சாயம்.

"அங்க போக முந்தி இதையும் கேப்பினமெல்லோ. விடிய அந்தக் குளிருக்குள்ள அடுப்படிக்குப் போகேக்கை இதில்லாமல் கை கால் வராது. சபைத் தலைவருக்கு முன்னால இருந்து நான் என்னெண்டு பொய் சொல்லுறது?"

"தேத்தண்ணிக்கோ? தேத்தண்ணிக்கோ இவ்வளவு காலமும்?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பக்கத்தில் போய் இருந்து, எனக்குக் கேட்காத குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மூவரும் புட்டைச் சாப்பிட்டோம். அம்மா போர்த்துக்கல் பெண்ணுக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்தார்.

அப்பா தேநீரை விட்டது அடுத்த கோடையில்தான். ஒரு கிழமை தலையிடியில் யாரோடும் பேசாமல் திரிந்தார். அதற்குப் பிறகு கோவிலுக்கும் போனோம், மூவரும் வெள்ளை உடுப்பில். மலை வேலையையும் விட்டுவிட்டு, ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்கு மாறினார். சம்பளம் குறைவு, ஆனால் இரவில் வீட்டுக்கு வருவார். மாமிக்கு இதற்கெல்லாம் சொந்தமாக ஒரு விளக்கம் இருந்தது. அது வேறு கதை.

மலைக்குப் போன அந்தச் சனிக்கிழமை, மறுநாள் சபைக்குப் போகவேண்டும் என்பதால் அன்றே திரும்பினோம். அப்பா சமையலறைக் காற்சட்டையோடு ஸ்டேஷன் வரை வந்து, ரயில் வளையும்வரை கை காட்டினார். நான் ஏச்சுக்காகக் காத்திருந்தேன். பெரியவர்களுக்கு முன்னால், அதுவும் பிறத்தியாளை வைத்துக்கொண்டு, அப்படி ஒரு கேள்வி கேட்ட பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ரயில் பெரிய சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. ஏச்சு வரவில்லை. கூருக்குக் கிட்ட வரும்போதுதான், "மாமிக்கு ஒண்டும் சொல்லக்கூடாது, என்ன?" என்றார்.

"ஓம்."

"குளிருதோ?"

நான் பதில் சொல்வதற்குள் கோட்டின் ஒரு பக்கத்தை விரித்து என்னை உள்ளே இழுத்து, தலையில் கொஞ்சினார். நான் கேட்ட கேள்வியை அவர் மறந்துவிட்டார் என்றே நம்பினேன். நல்லகாலம் என்று, நானும் ஞாபகப்படுத்தவில்லை.