ஆற்றின் நடுவே உட்கார வைத்தேன்

பிள்ளைகளே, நான் மரக்காணத்தில் உப்பளத்து வேலை செய்பவன். மழை பட்டால் உப்பு கரைந்துவிடும். அதனால் வானத்தைப் பார்த்தே மழை வருமா என்று சொல்வது எங்களுக்குப் பழக்கம். மழைக்காலத்தில் வேலை நின்றிருந்தபோது, ஐந்தாவது படிக்கும் என் மகள் செல்வியோடு மலையேறும் குழு ஒன்றில் போனேன்.

மதியம் ஒரு காட்டாற்றைக் கடந்தோம். தண்ணீர் முழங்கால் அளவுதான். நடுவில் இருந்த பாறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். முன்னால் கரையேறிய வழிகாட்டி திடீரென்று கத்தினார்.

"தண்ணி கலங்குது, வெள்ளம் வரப்போவுது! சீக்கிரம் மேல வாங்க!"

செல்வி எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"உக்காரும்மா. ஒரு மேகம் இருக்குதா பாரு. மழையைப் பத்தி உங்க அப்பனுக்கே சொல்றாரு!" என்று சிரித்தேன்.

வழிகாட்டி ஓடிவந்து செல்வியைத் தூக்கிக்கொண்டார்.

"யோவ், மேல மலையில பெய்யுதுய்யா! எழுந்து வாய்யா!" என்று என்னையும் இழுத்தார்.

நாங்கள் கரையேறி மூச்சு வாங்குவதற்குள், செந்நிற வெள்ளம் மரக்கிளைகளோடு வந்து அந்தப் பாறையை மூடிவிட்டது.

செல்வி கேட்டாள்: "நான்தான் எழுந்தேனேப்பா, ஏன் உக்கார வெச்ச?"



இப்போதெல்லாம் வெளியூரில் யாராவது கரையேறச் சொன்னால், முதலில் ஏறிவிடுகிறேன். ஏன் என்று பிறகுதான் கேட்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாலும் உதறிவிட்டு ஏறுங்கள். அவர் உங்கள் அப்பாவாகவே இருந்தாலும் சரி.