கட்டிலுக்கு அடியில் இருந்த ருமானிப் பழங்கள்

எங்கள் அப்பா ராயபுரத்தில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா கடலோடு போனபின் படிப்பைப் பாதியில் விட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கச் சேர்ந்தார். கிரேன் ஓட்டுநராக ஓய்வு பெற்றார். திருவொற்றியூரில் எங்களுக்கு ஒரு வீடு கட்டினார். கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவார். இவை இந்த முதலாண்டு நினைவு மலரைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. நான் அவருடைய மாம்பழங்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு மீஞ்சூருக்கு அப்பால் அவர் வாங்கிய சிறு தோட்டத்தில் எல்லாம் ருமானி மாமரங்கள். ஒரே சமயத்தில் காய்த்துத் தள்ளும். காய்களைச் சாக்கில் கட்டி மின்சார ரயிலில் கொண்டுவருவார். கட்டிலுக்கு அடியில் வைக்கோல் பரப்பி அடுக்கி, மேலே சாக்கைப் போர்த்துவார். தினமும் காலையில் டார்ச் விளக்கோடு குனிந்து, தொட்டுப் பார்த்து, பழுத்ததை எடுத்துத் தெருவுக்கெல்லாம் கொடுப்பார்.

காற்றில் விழுந்த காய்களை நறுக்கி, உப்பில் ஊறவைத்து வற்றல் போடுவார். எங்கள் பக்கத்தில் மொட்டை மாடியில் எதை உலர்த்தினாலும் மாலைக்குள் கரித்தூசி படிந்துவிடும். அதனால் பழைய கொசுவலையைக் கட்டி அதற்குள் தட்டுகளை வைப்பார்.

"இன்னாய்யா, மாங்காய கொசு கட்ச்சிடுமா?" என்பார் அம்மா.

"சும்மா கெட. கருவாட்டுக் கொழம்புல போட்டு துன்னும்போது மட்டும் வாயே தொறக்க மாட்டே."

சர்க்கரை நோய் இருந்ததால் அப்பா பழம் சாப்பிடுவதில்லை. வாங்கியவர் கடிக்கும்வரை வாசலில் நின்று, "எப்டி கீது? புளிப்பு கீதா?" என்று கேட்பார். பதில் வரும்வரை நகரமாட்டார்.

சென்ற கோடையில் ஒரு காலை, நெஞ்சு வலிக்கிறது என்றார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் வீடெங்கும் மாம்பழ வாசனை. அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் வெளியே இழுத்து, பழுத்தவை, பழுக்காதவை, அடிபட்டவை என்று பிரித்தேன். நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் மாதிரிகளைப் பிரிப்பதுபோலத்தான் இருந்தது. நான் அழவில்லை. உங்களில் சிலர் அதைக் கவனித்தீர்கள்.

"வர்றவங்களுக்குக் குடு. ஒண்ணு கூட அழுகிப் போவக் கூடாது, அவரு மனசு தாங்காது" என்றார் அம்மா.

யாரும் வாங்கவில்லை. "சாவு வூட்லேர்ந்து எதையும் எத்துகினு போவக் கூடாதும்மா" என்றார் பெரியம்மா. அடுத்த நாள் பழங்களில் சாறு கசிய ஆரம்பித்தது. எறும்பு வந்தது. அம்மா தட்டோடு வாசலிலேயே நின்றார்.

அப்பாவோடு கிரேன் ஓட்டிய அந்தோணி மாமா அப்போது வந்தார்.

"இன்னா தங்கச்சி இது?"

"அவரு அடுக்கி வெச்சதுண்ணே. யாரும் வாங்க மாட்றாங்க."

"அவன் உசுரோட கீறப்போ இந்த வாசல்லேர்ந்து எவனாவது வெறுங்கையோட போயிருக்கானா? இப்போ மட்டும் இன்னா புச்சா சட்டம்?"

ஒரு பழத்தை எடுத்துத் தோலோடு கடித்தார். வெள்ளைச் சட்டையில் சாறு வழிந்தது. அப்பாவின் படத்தைப் பார்த்து, "புளிப்பு இல்ல தோஸ்து. சக்கரை" என்றார்.

பெரியம்மாதான் அடுத்து முந்தானையை விரித்தார். மாலைக்குள் தட்டு காலி.

அப்பாவைச் சுமந்தவர்களுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், அந்தோணி மாமாவுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரோடு ஒரு சிறு பொட்டலம் இருக்கும். இந்த ஆண்டு காற்றில் விழுந்த காய்களின் வற்றல். அதே கொசுவலைக்குள் அம்மாவும் நானும் உலர்த்தியது. அப்பா உப்பைக் கையால் அள்ளிப் போடுவார். நான் அளந்து போட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை; அப்பா போனதிலிருந்து எனக்கு எதிலும் ருசி தெரிவதில்லை. தயவுசெய்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கருவாட்டுக் குழம்பில் போட்டுப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவராக வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆனால் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.