முப்பத்தேழாம் நம்பர் ரசீது

1. மூன்று குடும்பம், ஒரு வீடு

ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணி இருக்கும், குற்றாலத்தில் நான் மேனேஜராக இருந்த பங்களாவின் முன்னால் இரண்டு குதிரை வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டியில் கோவில்பட்டி வாத்தியார் ஒருவர், அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டாவது வண்டியில் விருதுநகர் எண்ணெய்க்கடைக்காரர், அவர் குடும்பம், ஒரு பெரிய தகர டின். எல்லாரும் இறங்கி, பெட்டி படுக்கையை இறக்கி, நடையில் வரிசையாக வைத்தார்கள்.

"ரூம் சாவி குடுங்க தம்பி" என்றார் வாத்தியார்.

"அந்த வண்டிக்காரங்க யாரு? பங்களா முழுசும் எங்களுக்குன்னு எழுதியிருக்கே" என்றார் எண்ணெய்க்கடைக்காரர்.

எனக்கு இரண்டு பேரையுமே தெரியாது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் வீட்டைக் கொடுக்கவில்லை. என் புக்கிங் நோட்டில் அந்த நான்கு நாள் வெறுமையாகத்தான் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அறுபதுகளின் தொடக்கம். மேனேஜர் என்று பெயரே தவிர, சாவிக்கொத்து முதல் தண்ணீர்த் தொட்டி வரை எல்லாம் நான்தான். முதலாளி மதுரையில் ஜவுளி வியாபாரம். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் வீடு கிடைப்பது கஷ்டம். வெளியூர்க்காரர்கள் சித்திரையிலேயே லெட்டர் போட்டு, மணியார்டரில் அட்வான்ஸ் அனுப்பிவிடுவார்கள். நாங்கள் ரசீது அனுப்புவோம். அந்த ரசீதைக் கொண்டு வந்து காட்டினால் கதவு திறக்கும். இவ்வளவுதான் எங்கள் தொழில்.

இவர்கள் இரண்டு பேரும் ரசீதை எடுத்து நீட்டினார்கள். எங்கள் பங்களா பெயர், எங்கள் ரப்பர் ஸ்டாம்ப், கீழே என் கையெழுத்து. என் கையெழுத்தேதான்.

"இது நான் குடுத்தது இல்லை" என்றேன்.

எண்ணெய்க்கடைக்காரர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "பணத்தையும் வாங்கிட்டு ஆளையும் தெரியாதுங்கிறியா? பாக்கியையும் இன்னைக்குக் காலையில ஸ்டேஷன்ல உன் ஏஜென்ட் கையில எண்ணிக் கொடுத்தாச்சு."

எனக்கு ஏஜென்ட் யாரும் கிடையாது. அதைச் சொல்ல வாயெடுக்கும்போதே மூன்றாவதாக ஒரு குடும்பம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து சேர்ந்தது. மேலப்பாளையத்திலிருந்து பாத்திமா என்ற அம்மாள், அவர் கணவர் மீரான், மாமியார். அவர்கள் கையிலும் ஒரு ரசீது.

மழை தூறிக்கொண்டிருந்தது. பெரியவர்களையும் பிள்ளைகளையும் வாசலில் நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. முன் ஹாலைத் திறந்துவிட்டேன். வாத்தியார் மட்டும் மூன்று ரசீதுகளையும் வாங்கி, பெட்டியின் மேல் உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒன்றொன்றாகப் பார்த்தார்.

"இங்க பாருங்க தம்பி. மூணுலயும் நம்பர் முப்பத்தேழு. முன்னால உக்காந்திருக்கிறவனைப் பார்த்து மூணு பயலும் காப்பி அடிச்சா இப்படித்தான் இருக்கும்."

2. ஐந்து ரூபாய்

உள்ளே ஓடிப்போய் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். முப்பத்தேழாம் நம்பர் அடிக்கட்டையில் என் எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. நடராஜன், அட்வான்ஸ் ஐந்து ரூபாய்.

ஆள் நினைவுக்கு வந்துவிட்டார். பங்குனியில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் குடை, பேச்சு பட்டணத்துப் பேச்சு. தன் கம்பெனி முதலாளியின் குடும்பத்துக்கு ஒரு வாரம் வீடு வேண்டும் என்றார். ஆறு அறையையும் திறந்து காட்டினேன். "இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற பங்களாவ நான் பார்த்ததில்லை" என்றார். என் எழுத்தைப் பார்த்து, "ஸார் எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று கேட்டார். என்னை அதுவரை யாரும் ஸார் என்று கூப்பிட்டதில்லை. காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. முதலாளியின் பயணம் தள்ளிப் போய்விட்டது, சிரமம் கொடுத்ததற்காக அந்த ஐந்து ரூபாயைத் தாங்களே வைத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார். எவ்வளவு பெரிய மனுஷன் என்று நினைத்தேன். அந்தப் பணத்தை முதலாளி கணக்கில் சேர்க்காமல் தென்காசிக்குப் போய் ஒரு வேட்டி எடுத்துக்கொண்டேன்.

இப்போது புரிந்தது. அவர் எனக்கு இனாம் கொடுக்கவில்லை. என் ரசீதையும் கையெழுத்தையும் ஐந்து ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதைப் பார்த்து எங்கேயோ ஒரு அச்சாபீஸில் அப்படியே அடித்திருக்கிறார்கள், நம்பர் உட்பட.

ஹாலுக்கு வந்து எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னேன். வேட்டியைப் பற்றியும் சொன்னேன். எண்ணெய்க்கடைக்காரர் தன் தலையில் கை வைத்துக்கொண்டார். வாத்தியார் மனைவிக்கு ஆபரேஷன் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டாக்டர் காற்று மாற்றம் வேண்டும் என்று சொன்னதால் லோன் போட்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பாத்திமா அக்காதான் முதலில் பேசினார். "தம்பி, எங்க பாக்கிப் பணம் இன்னும் எங்ககிட்டதான் இருக்கு. ரயில்ல வரச் சொல்லித்தான் எழுதியிருந்தான். எங்களுக்கு பஸ் ஸ்டாண்டுதான் கிட்ட. அதனால பஸ்ல வந்துட்டோம். இந்தா, அவன் லெட்டரு."

அவரே சத்தமாகப் படித்தார். "தென்காசி ஸ்டேஷனில் எங்கள் ஏஜென்ட் கறுப்புக் குடையுடன் காத்திருப்பார். பாக்கி வாடகையை அவரிடமே செலுத்தவும். பங்களா மேனேஜரிடம் எக்காரணம் கொண்டும் பணம் கொடுக்க வேண்டாம். ஆள் நம்பிக்கையானவர் அல்ல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிலைமையிலும் வாத்தியார் சிரித்துவிட்டார்.

"காலை ரயில்ல நாங்க வரல. அப்ப மத்தியான ரயிலுக்கு எங்களுக்காக அங்கனதான் நிப்பான். இவ்வளவு தூரம் வந்து பாக்கிய விட்டுட்டுப் போவானா?" என்றார் பாத்திமா அக்கா.

"வேண்டாம்மா, வம்பு" என்றார் மீரான். அன்று அவர் பேசியது அநேகமாக அதுதான்.

"நாம பாய்க் கட வச்சுச் சேத்த காசு. வம்புன்னா வம்புதான்."

3. குடைக்காரர்

வந்த குதிரை வண்டியிலேயே பாத்திமா அக்கா, மீரான், வாத்தியார், நான் நான்கு பேரும் தென்காசிக்குப் போனோம். என்னை அவனுக்குத் தெரியும் என்பதால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். ஸ்டேஷனில் இருந்த போலீஸ் ஏட்டையாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் நிதானமான மனிதர்.

"குடை வச்சிருக்கான்னு ஒருத்தனப் பிடிக்க முடியாதுல்லா. சீசன்ல ஊர்ல பாதிப் பேர் கையில குடைதான். என் கண்ணு முன்னால ரசீது எழுதட்டும். பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

ரயில் வந்தது. அக்காவும் மீரானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இறங்குகிற கூட்டத்தோடு கலந்து நடந்து வந்தார்கள். பார்சல் மூட்டைகளுக்குப் பின்னால் ஏட்டையா, வாத்தியார், நான்.

ஆள் வந்தார். அதே வெள்ளைச் சட்டை.

"மேலப்பாளையமா? வாங்கம்மா, உங்களுக்காகத்தான் நிக்கிறேன். வண்டி சொல்லியாச்சு. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

"இருந்துச்சு ஸார். பாக்கிய உங்ககிட்டதான குடுக்கணும்? ரசீது எழுதிக் குடுத்திருங்க."

சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து, பெட்டியின் மேல் வைத்து எழுதினார். பணத்தை வாங்கினார். அக்கா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது ஸார். நம்பர் என்ன போட்டிருக்கு?"

"முப்பத்தேழும்மா."

"மொதல்ல தபால்ல அனுப்புனதும் முப்பத்தேழுதான ஸார். ஒங்க புஸ்தகத்துல வேற நம்பரே கெடையாதா?"

குடைக்காரர் தலை நிமிர்ந்தபோது ஏட்டையா அவர் தோளில் கை வைத்திருந்தார். அவர் ஓடவில்லை. என்னைப் பார்த்து, "ஸார், சௌக்கியமா?" என்று கேட்டார்.

அவர் பையில் காலையில் வாங்கிய பாக்கிப் பணம் அப்படியே இருந்தது. கோர்ட்டு நடைமுறை முடிந்து அது வாத்தியாருக்கும் எண்ணெய்க்கடைக்காரருக்கும் திரும்பக் கிடைத்தது. முதலில் அனுப்பிய அட்வான்ஸ் போனது போனதுதான். பையில் ஒரு டைரியும் இருந்தது. அதில் ஏழு பேரின் பெயரும் விலாசமும் இருந்தன. ஏட்டையா சொல்ல, நான் நகல் எடுத்துக்கொண்டேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "முகம் தெரியாத உங்களுக்கு எப்படி இத்தனை பேர் பணம் அனுப்புனாங்க?"

"பேப்பர்ல ரெண்டு வரி விளம்பரம் குடுத்தேன். வேற நான் என்ன சொன்னேன்? சீசனுக்கு வீடு கிடைக்காதுன்னு அவங்களே பயந்துக்கிட்டு இருந்தாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் வரலைன்னா வேற பார்ட்டிக்குக் குடுத்துடுவோம்னு ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான்."

4. ட்ரங்க் கால்

தபால் ஆபீஸிலிருந்து முதலாளிக்கு ட்ரங்க் கால் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.  

"அந்த அஞ்சு ரூபாய என்ன செஞ்ச?"

"வேட்டி எடுத்தேன் முதலாளி."

"இந்த மாசச் சம்பளத்துல பிடிச்சுக்கிறேன். அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"முன் ஹால்ல."

"நம்ம பேரை நம்பி வந்தவங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் வீடு சும்மாத்தான கெடக்கு? ஆளுக்கு ரெண்டு ரூமாப் பிரிச்சுக் குடு. வாடகை வேண்டாம்."

அந்த நான்கு நாளை நான் மறக்க மாட்டேன். அடுப்படியில் வாத்தியார் வீட்டுச் சைவச் சமையல். பின்பக்க ஷெட்டில் பாத்திமா அக்காவின் சமையல். எண்ணெய்க்கடைக்காரர் தன் டின்னைத் திறந்துவிட்டார். அது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். எல்லாரும் அதைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். புதன்கிழமை வாத்தியார் மனைவி தன் காலாலேயே அருவி வரை நடந்து போய் வந்தார். அன்று சாயங்காலம் எண்ணெய்க்கடைக்காரர் எனக்கும் ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தார்.

"சட்டையப் பிடிச்சத மனசுல வச்சுக்காதய்யா" என்றார்.

அதன் பிறகு என் வேலைமுறையைச் சில விதங்களில் மாற்றிக்கொண்டேன். பணம் அனுப்பும் முன்பு மதுரைக் கடை விலாசத்துக்குத் தனியாக ஒரு கார்டு எழுதி, நாங்கள் யார் என்று விசாரித்துக்கொள்ளும்படி எல்லாப் பார்ட்டிக்கும் எழுதினேன். விசாரிக்காமல் அனுப்பியவர்களின் பணத்தைத் திருப்பி அனுப்பிய நாளும் உண்டு. எந்த லெட்டரிலும் இந்தத் தேதிக்குள் என்று அவசரப்படுத்தி எழுதியதில்லை. என் சொந்தப் பணத்திலும் ஒரு பழக்கம் வந்தது. வேலை செய்யாமல் கைக்கு ஒரு காசு வந்தால், இதைக் கொடுத்தவன் என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவேன். வேலைக்கு வந்த பதினைந்து வருஷத்தில் தென்காசியில் ஒரு சின்ன வீடு கட்ட முடிந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

5. சாத்தூர்க் கடிதம்

டைரியில் இருந்த ஏழு பேரில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மிச்சம் நான்கு பேருக்கும் அன்றைக்கே கார்டு எழுதிப் போட்டேன். மூன்று பேர் இன்னும் ஊரிலிருந்து புறப்படவே இல்லை. பாக்கிப் பணம் பிழைத்தது என்று நன்றி சொல்லி எழுதினார்கள்.

நான்காவது பதில் சாத்தூரிலிருந்து, ஒட்டிய கவரில் வந்தது. ஒரு கம்பெனி குமாஸ்தா எழுதியிருந்தார்.

"ஐயா, தங்கள் கார்டு கிடைத்தது. நாங்கள் சனிக்கிழமையே குற்றாலம் வந்தோம். ஸ்டேஷனில் பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பங்களா கேட் வரை வந்தோம். உள்ளே வேறு குடும்பம் இருந்தது, கொடியில் துணி காய்ந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீட்டில் அம்மை போட்டிருக்கிறதாம், தங்க வேண்டாம் என்று மனைவியிடம் பொய் சொல்லி, அடுத்த ரயிலில் திரும்பிவிட்டோம். நான் ஏமாந்தது அவளுக்குத் தெரியாது. தயவு செய்து இனி வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம்."

சனிக்கிழமை அந்த நேரத்தில் நான் பங்களாவில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை தங்கியிருந்த பார்ட்டிக்காகத் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். யாரோ பெட்டியோடு கேட்டில் நின்றதும், பிறகு போனதும் கண்ணில் பட்டது. வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்து வேலையைப் பார்த்தேன். அவர் வெட்கப்பட்டுப் பேசாமல் போனார். நான் சோம்பல்பட்டுக் கேட்காமல் இருந்தேன். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால், திங்கட்கிழமை காலை ரயிலில் வந்தவர்கள் அந்தக் குடைக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அவருடைய ஆபீஸ் விலாசத்துக்கு எழுதினேன். ஏமாந்தது ஏழு பேர், அதில் ஒரு வாத்தியாரும் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன். பதில் வரவில்லை.

ஏமாந்துவிட்டால் அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். போன பணம் வராவிட்டாலும் அடுத்தவர் பணம் நிற்கும். லாட்ஜ் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதையும் சொல்வேன். கேட்டில் யாராவது பெட்டியோடு தயங்கி நின்றால், வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய், என்ன வேண்டும் என்று கேள்.