டெஸ்டரம்மா போட்ட கையெழுத்து

பம்புகளைச் சோதிக்கும் அறையில் பதினோரு வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் டெஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் செத்தபோதுகூட ஒன்பதே நாள்தான் லீவு போட்டாள். வாய் கொஞ்சம் நீளம், வேலை கச்சிதம். அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது.

கொண்டு வந்தவன் வேறு யாருமில்லை, சொந்தத் தங்கை புருஷன். வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை இவள்தான் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே சேர்த்துவிட்டாள். நாலே வருடத்தில் இவளுக்கு மேலே இஞ்சினியராகிவிட்டான். வீட்டில் ‘அக்கா’, இங்கே ‘இந்தாம்மா’. கண் தலைக்கு மேலே போய்விட்டது கடன்காரனுக்கு.

செவ்வாய்க்கிழமை காலை, திரையில் எல்லாப் பம்புக்கும் அழுத்தம் பூஜ்ஜியம் என்று காட்டியது. அழுத்தம் அளக்கும் சென்சார்களுக்குக் கரண்டு கொடுத்து, அவை சொல்வதை வாங்கிக் கணினியிடம் சேர்ப்பது உள்ளே செருகியிருக்கும் டேட்டா கார்டு. மத்தியானம் இஞ்சினியர் கரண்டு, வோல்டேஜ் பார்க்கும் தன் மீட்டரோடு வந்தான். கார்டிலிருந்து சென்சாருக்குப் போகும் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோர்த்தான். பூஜ்ஜியம்.

"கார்டுல ஃபியூஸ் போயிடுச்சு. ஒயரை மாத்திச் சொருகியிருக்கீங்க."

"நான் எதையும் தொடவே இல்ல."

"பின்னே பேய் வந்து தொட்டுச்சா?"

பத்தே நிமிடத்தில் அறிக்கை தயார். காரணம்: பணியாளரின் கவனக்குறைவு. அடியில் அவன் கையெழுத்து, பக்கத்தில் அவளுக்கு ஒரு காலி இடம். போட்டால் நாளையிலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவு. பதினோரு வருடமும் அம்போ.

"மூணு மணிக்கு மேனேஜர் வர்றார். அதுக்குள்ள போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். மீட்டர் மேசையிலேயே கிடந்தது.

அவள் அறிக்கையை ஓரமாகத் தள்ளினாள். கை சும்மா இருக்கவில்லை. தன் சொந்த மீட்டரைக் கார்டின் முனையில் வைத்தாள். ஐந்து வோல்ட், குறையில்லாமல் வந்தது. ஃபியூஸ் போன கார்டில் ஏது ஐந்து வோல்ட்? ஒயர்களோடு விரலை ஓட்டிக்கொண்டே போனாள். கரண்டு போகும் ஒயர் முழுசாக இருந்தது; சென்சார் சொல்வதைத் திருப்பிக் கொண்டுவரும் ஒயர்களைத்தான் அலமாரிக்குப் பின்னால் எலி கடித்து வைத்திருந்தது.

கரண்டு போகிறதென்றால் பூஜ்ஜியம் காட்டிய இவன் மீட்டருக்கு என்ன கேடு? ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு, நடுவில் அவன் மீட்டர். பல்பு எரியவில்லை. மீட்டரை விலக்கி ஒயரை நேரே சேர்த்தாள். எரிந்தது. முந்தாநாள் இவன் கரண்டு அளக்கும் துளையில் ஒயரை வைத்துக்கொண்டே வோல்டேஜ் பார்க்கப் போனதும், டப்பென்று சத்தம் கேட்டதும், யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்ததும் அவள் நினைவுக்கு வந்தன. பின்மூடியைத் திறந்தாள். மீட்டருக்குள்ளேயே இருக்கும் ஃபியூஸ், விரல்நுனி அளவு கண்ணாடிக்குழாய், கன்னங்கரேலென்று கருகியிருந்தது.

அவன் திரும்பி வந்தபோது அந்தக் குழாய் அறிக்கையில், ‘காரணம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. கீழே அவள் கைப்பட ஒரு வரி: எரிந்த ஃபியூஸ் இதுதான்; இஞ்சினியரின் மீட்டரிலிருந்து எடுத்தது.

அவன் முகம் செத்துப்போயிற்று. வராந்தாவில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான் அடிக்குரலில், "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்க்கா. அதைக் கிழிச்சுப் போடுங்க."

"இங்க நான் இந்தாம்மாதான், தம்பி."

காலி இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே வந்த மேனேஜரிடம் அறிக்கையை நீட்டினாள்.