அண்ணன் வைத்த ஆல்-இன்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனை நான் சீட்டாட்டத்தில் தோற்கடித்தேன். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

பதறாதீர்கள். காசு வைத்து ஆடவில்லை. சோழி வைத்துத்தான் ஆடினோம். ஜெயித்தவருக்குப் பரிசு, ஊர் திரும்பும்போது காரில் முன் சீட். அவ்வளவுதான்.

அக்காள்மடத்தில் இருக்கிறது அண்ணன் மகள் கவிதாவின் வீடு. அவள் கணவர் தினேஷுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவில் வந்திருந்தார். நானும் அண்ணனும் மதினியும் பார்க்கப் போனோம். புரட்டாசி மாதம் வேறு. பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போய், மீன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு, சாம்பாரும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்!

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருப்பாலைக்குடிக்கு மேற்கே, உள்ளே தள்ளி எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. மழை வருவதற்கு முன்பே, காய்ந்த மண்ணை உழுது, நெல்லை விதைத்துவிடுவோம். புழுதி விதைப்பு என்று பெயர். மழை வந்த பிறகு விதைத்தால் என்ன என்று கேட்பீர்கள். பருவம் தப்பிவிடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயலில் தண்ணீர் இருக்காது.

போன வருஷம் அண்ணன் வீட்டில் இருந்த விதை நெல் அத்தனையையும் ஒரே மூச்சில் விதைத்தார். ஒரு மழை பெய்தது. பயிர் முளைத்தது. அதற்குப் பிறகு பல வாரம் வானம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முளைத்ததெல்லாம் கருகிப் போனது. கொஞ்சம் விதை மிச்சம் வைத்திருந்தவர்கள் மறுபடி விதைத்து, பின்னால் வந்த மழையில் ஏதோ சாப்பாட்டுக்காவது அறுத்தார்கள். அண்ணன் கையில் ஒரு மணி இல்லை.

அன்றிலிருந்து மதினி அவருக்கு வைத்த பெயர்... சூதாடி.

இந்த வருஷம் ஊரே விதைத்து முடித்துவிட்டது. அண்ணன் மட்டும் உழுது போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். விலைக்கு வாங்கிய விதை மூடை வீட்டுக்குள் கிடக்கிறது. கேட்டால், "நாளைக்குப் பாப்போம்" என்பார். நாளைக்கும் அதையேதான் சொல்வார். ஆயுசு முழுக்க விதைத்த மனிதருக்குக் கை வரவில்லை. இன்னும் சில நாள் இப்படியே போனால் இந்த வருஷமும் வயல் தரிசுதான். காரில் வழி நெடுக இதுதான் பேச்சு. அதாவது, யாரும் பேசவில்லை.

அந்த இறுக்கத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, சாப்பிட்டு முடித்ததும் தினேஷ் சீட்டுக்கட்டை எடுத்தார். "போக்கர் டோர்னமெண்ட் வைப்போமா?"

ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டக் கூடாது. நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும். அது எல்லோருக்கும் பொது. இந்த ஏழில் நல்ல ஐந்து யாரிடமோ, அவருக்கு ஜெயம். கையில் உள்ள சோழி மொத்தத்தையும் ஒரே ஆட்டத்தில் தள்ளிவிட்டால் அது ஆல்-இன். போச்சென்றால் எழுந்துவிட வேண்டியதுதான். அப்படியானால் எதையும் வைக்காமல் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாமே? முடியாது! கட்டாயப் பந்தயம் என்று ஒன்று சுற்றி வருகிறது. நேரம் ஆக ஆக அது ஏறுகிறது. சும்மா இருந்தாலும் சோழி கரைந்துகொண்டே இருக்கும்.

மதினி முதலிலேயே வெளியேறி, ஓரமாக உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்க ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆட்டம். நடுவில் விழுந்ததில் மூன்று சீட்டு ஆட்டின், அதாவது ஹார்ட். அண்ணன் சோழி முழுவதையும் தள்ளினார். தள்ளியவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"சம்மந்தி, எனக்கு ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் சீக்வன்ஸ் விழுந்திருச்சு. போயிருங்க!"

எதிரே தினேஷின் அப்பா. அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது என்று அவருக்குத் தெரியும். "நமக்குக் கலர்தான் சம்மந்தி. நீங்களே எடுத்துக்குங்க" என்று இரண்டு ஆட்டின் சீட்டைக் காட்டிவிட்டு விலகினார். எல்லோரும் கை தட்டினோம். "தைரியம்னா இதான்!"

தினேஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பெரியவர்களும் திருவிழா மூணு சீட்டில் பழகியவர்கள். அங்கே ஒரே இனமாகச் சேரும் கலரைவிட, வரிசையாகச் சேரும் சீக்வன்ஸ் பெரிது. போக்கரில் தலைகீழ்! அண்ணன் தோற்கிற சீட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளியிருக்கிறார். சம்பந்தி ஜெயிக்கிற சீட்டை வைத்துக்கொண்டு விலகியிருக்கிறார்.

அப்புறம்தான் என் ஆட்டம். நடுவில் ஒரு சீட்டுகூடத் திறக்கவில்லை. அண்ணன் மறுபடியும் ஆல்-இன். என்னிடம் ஜாக்கி ஜோடி. அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க எந்தத் தங்கைக்கு மனசு வரும்? நானும் தள்ளினேன். அண்ணன் சீட்டைத் திருப்பினார். இரண்டு ஏஸ், என்னுடையதைவிடப் பெரிய ஜோடி!

நடுவில் நான்கு சீட்டு திறந்தது. எனக்கு ஒன்றும் சேரவில்லை. கடைசிச் சீட்டு... மூன்றாவது ஜாக்கி.

நான் போட்ட கூச்சல் பாம்பன் வரை கேட்டிருக்கும். இந்த முறை அண்ணனுக்கு யாரும் கை தட்டவில்லை. "எல்லாத்தையுமா வைப்பாக?" என்றுதான் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"பாத்தீகளா மாப்ள, எனக்கு ராசியே இல்ல. நான் எதுல கைய வச்சாலும் இப்பிடித்தான். போன வருசமே தெரிஞ்சு போச்சு."

அவர் குரல் அப்படியே இறங்கிவிட்டது. எனக்கு ஜெயித்த சந்தோஷம் அந்த நிமிஷமே போய்விட்டது.

"ராசி வேற, முடிவு வேற மாமா" என்றார் தினேஷ். "பத்துத் தடவ இதே மாதிரி ஆடுனா, எட்டுத் தடவ நீங்கதான் ஜெயிப்பீங்க. சித்திக்கு இன்னைக்கு விழுந்திருச்சு, அவ்வளவுதான். நீங்க முதல்ல ஜெயிச்சீங்களே, அதுதான் தப்பான ஆட்டம். சீட்டு திறக்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன தெரியும்? அத வச்சுத்தான் முடிவப் பாக்கணும்."

மதினி கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப, போன வருசம் இவுக வெதச்சது?"

தினேஷ் கையை விரித்தார். "எனக்கு வெவசாயம் தெரியாது அத்தை. வெதச்ச அன்னைக்கு என்ன தெரியும்னு மாமாதான் சொல்லணும்."

"சொல்லுங்க" என்றார் மதினி, அண்ணனைப் பார்த்து.

அண்ணன் கீழே கிடந்த சோழி ஒன்றை எடுத்து உருட்டினார். "என்னத்தச் சொல்ல... ஊரே வெதச்சுச்சு. மண்ணும் பதமாக் கெடந்துச்சு. வருசா வருசம் அந்த வாரந்தான வெதைக்கிறோம்? வெதச்சது தப்பில்ல. மூடைய மொத்தமா உதறிப் போட்டேன் பாரு, அதான் தப்பு. மறு வெதப்புக்குன்னு கொஞ்சம் எடுத்து வச்சிருக்கணும்."

"இத ஏன் ஒரு வருசமாச் சொல்லல?"

"நீ சூதாடின்னுதான சொன்ன? ஏன் அப்பிடிச் செஞ்சீகன்னு கேட்டியா?"

மதினியின் கண் கலங்கிவிட்டது. "கேக்கலதான்" என்றார். கொய்யாப்பழத் தட்டு சுற்றி வந்தது. டோர்னமெண்ட்டைக் கடைசியில் ஜெயித்தது சம்பந்தி. அவர் எங்கள் காரில் வரப்போவதே இல்லை!

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லாவற்றையும் இப்படித்தான் எடை போடுகிறோம். கல்யாணம் நன்றாக அமைந்தால், "பார்த்துப் பார்த்துச் செய்தோம்." அமையாவிட்டால், அதே பார்த்துச் செய்தவர்கள், "கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்துட்டாங்க." பையன் பாஸானால் அந்த காலேஜில் சேர்த்த அப்பா தீர்க்கதரிசி. ஃபெயிலானால் பிடிவாதக்காரர். செய்ததென்னவோ ஒன்றுதான். அண்ணன் தப்பாகத் தள்ளியதற்குக் கை தட்டினோம். சரியாகத் தள்ளியதற்குச் சிரித்தோம். அதோடு, சீட்டாட்டத்தில் ஆல்-இன் போனால் எழுந்து போய்க் காபி குடிக்கலாம். வயலை விட்டு எழுந்து எங்கே போவது?

புதன்கிழமை காலை மதினியிடமிருந்து போன்.

"இன்னைக்கு வெதைக்கிறோம்த்தா. நாலுல ஒரு பங்கு வெதைய நான் பானையில போட்டு மூடிட்டேன். மிச்சத்துக்கு அவுக பாடு, வானத்துப் பாடு."

"பயமா இல்லையா மதினி?"

"பயந்தான். பயந்துக்கிட்டேதான் வெதைக்கிறோம்."

இதை எழுதும் இந்த நிமிஷம் வரை மழை இல்லை. நீங்கள் படிக்கும்போது பெய்திருக்கலாம், பெய்யாமலும் போயிருக்கலாம்.

அதனால் இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன்... அவர்கள் செய்தது சரி.