அளம்பில் கரையில் அரை மூட்டை யூரியா

முள்ளியவளையிலிருந்து குமுளமுனை வயலுக்குப் போகிற வழியில், தண்ணீர் குடிக்க அளம்பில் கரையில் சைக்கிளை நிறுத்துகிறேன். பின் கரியரில் அரை மூட்டை யூரியா. போர் காரணமாக வன்னிக்குள் உரம் வர அரசு தடை போட்டிருக்கிறது. இதைத் தேடிப் பிடிப்பதற்குள் என் பயிர் மஞ்சளாகிவிட்டது.

மீனவர் கொட்டிலான வாடியின் வாசலில் பிலோமினா என்ற பெண், வலையில் சிக்கிய எதையோ பிய்க்காமல் கழற்றிக் கடல்தண்ணீர் வாளியில் விடுகிறார். தொட்டுப் பார்க்கிறேன். நனைந்த தோல்போல மெத்தென்றிருக்கிறது. விரல் பட்டதும் அதில் விரிந்திருந்த சின்னப் பூக்கள் உள்ளே போய்விடுகின்றன.

“இதென்னக்கா?”

“இதுவும் பவளந்தான், கல்லாகாத சாதி. என்ர மனுசன் நாளைக்குக் கடலுக்குப் போகேக்க பாரிலயே திருப்பி விடுவார். பார் மொட்டையானா மீன் நிக்காது.”

கடலடிப் பவளப் பாறையைத்தான் பார் என்கிறார்.

“முந்தி மாரியில நாயாத்து முகத்துவார மணலை வெட்டினவுடன உரம் கரைஞ்ச வயல் தண்ணியெல்லாம் கடலுக்க வரும். பிறகு இதைப் பச்சைப் பாசி மூடிப்போடும். அழுகித்தான் வலையில வரும். இப்ப வயலுக்கு உரமில்லைத்தானே, எவ்வளவு வடிவா இருக்கு பாருங்கோ.”

நான் வாளியைப் பார்க்கிறேன். அவர் என் சைக்கிளைப் பார்க்கிறார்.

“யூரியாவோ அண்ணை?”

“ஓம்.”

ஏச்சு வாங்கத் தயாராக நிற்கிறேன். அவர் கிழக்கே கறுத்துவரும் வானத்தைப் பார்த்துவிட்டு வாடிக்குள் போகிறார். ஒரு பொலித்தீன் துண்டோடு வந்து, மூட்டையைத் தானே மூடிக் கட்டுகிறார்.

“இண்டைக்கு வயலுக்கு எறியாதேங்கோ, எல்லாம் கரைஞ்சு இஞ்சதான் வரும். மழை விட்ட பிறகு எறியுங்கோ. நாங்களும் உங்கட சோத்தைத்தானே தின்னுறம்.”